தடியோடு வந்த அண்ணன்

என் கூடப்பிறந்த அண்ணன் என் ஊர்க்காரர்களை அடித்து நொறுக்க ரயிலேறி வந்தான். இதை யாரிடம் சொன்னாலும், "ஐயோ பாவம், அரசாங்கம் கட்டாயப்படுத்தியிருக்கும்" என்கிறார்கள். கட்டாயமும் இல்லை, ஒரு மண்ணாங்கட்டியும் இல்லை. முதல் ஆளாகக் கை தூக்கி, முதல் பெட்டியில் ஏறி வந்தான். ஏன் வந்தான் என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

நான் மர்செலா. யூகோஸ்லாவியா எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிற டிமிஷோவாராவில் டிராம் ஓட்டினேன். பிறந்தது இங்கே இல்லை. தெற்கே ஒல்டேனியா வட்டாரத்தில், க்ரயோவா நகரத்துக்குப் பக்கத்தில். வாழ்க்கைப்பட்டுத்தான் இந்த ஊருக்கு வந்தேன். ஒல்டேனியாக்காரி என்றாலே இங்கே கேலிதான். நாங்கள் வெங்காயத்தாள் மாதிரி இருக்கிற லீக்ஸைப் பச்சையாகக் கடித்துத் தின்கிறவர்களாம், வாய் ஓயாதவர்களாம், புத்தி கம்மியாம். டிப்போவில் எவனாவது என் இருக்கையில் லீக்ஸ் கட்டு ஒன்றை வைத்துவிட்டுப் போவான். நான் அதைக்கொண்டே அவன் முதுகில் ரெண்டு வைத்துவிட்டு, வீட்டுக்கு எடுத்துப்போய் சூப் போடுவேன். அந்தக் காலத்தில் லீக்ஸ்கூட வரிசையில் நின்றால்தான் கிடைக்கும், வீணாக்க முடியுமா.

அம்மாவும் அப்பாவும் போன பிறகு என்னை வளர்த்து ஆளாக்கியது அண்ணன் ஸ்டெலியன்தான். க்ரயோவாவில் ஒரு பெரிய தொழிற்சாலையில் ஃபோர்மேன். கட்சி உறுப்பினர். பதவிக்காகச் சேர்ந்த ரகம் இல்லை அவன், மனசார நம்பினவன். வெறுங்காலோடு திரிந்த பயலைப் படிக்கவைத்து, தொழில் கொடுத்து, இரண்டு அறை வீடும் கொடுத்தது கட்சி என்பான். அது பொய்யும் இல்லை. தினமும் காலையில் முகம் மழமழவென்று மழித்து, தொப்பியை நேராக வைத்துக்கொண்டுதான் வாசல் தாண்டுவான்.

என் வீட்டுக்காரர் லிவியு கடைசல் இயந்திரத்தில் வேலை பார்த்தவர். நக்கல் பிடித்த மனுஷன். அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தால், "மச்சான், உங்க கட்சி சோஷலிசத்தைக் கட்டி முடிச்சதும் எங்க மாடிப்படிக்கு ஒரு பல்பு மாட்டச் சொல்லுங்க" என்பார். அண்ணன் முறைப்பான். அப்புறம் இரண்டு பேரும் ஒரே குப்பியிலிருந்து பிளம் சாராயம் குடித்துவிட்டு, தோளில் கை போட்டுக்கொண்டு பாடுவார்கள். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

எண்பத்தொன்பது டிசம்பரில் அரசாங்கத்தை எதிர்த்துப் பேசிய ஒரு ஹங்கேரியப் பாதிரியாரை அவர் வீட்டிலிருந்து துரத்தப் பார்த்தார்கள். ஆட்கள் கூடினார்கள். என் டிராமை நடுத்தெருவில் நிறுத்தச் சொன்னார்கள், நிறுத்தினேன். வீரமெல்லாம் கிடையாது, தண்டவாளத்தில் ஆள் நின்றால் வேறென்ன செய்வது? உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: எங்களைச் சுடாமல் விட்டிருந்தால், குளிர் தாங்காமல் நாங்களே நாலு கோஷம் போட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருப்போம். மறுநாள் முட்டை வரிசைக்கு விடியுமுன் நிற்க வேண்டுமே, அந்தக் கவலைதான் எங்களுக்குப் பெரிசு.

சுட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். லிவியு, "வேடிக்கை பார்த்துட்டு வரேன்" என்று போனவர் வரவில்லை.

திங்கள் காலையில் ஆஸ்பத்திரியில் அவரைக் கண்டுபிடித்தேன். தொடையில் குண்டு. கட்டுப்போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். முகம் வெளுத்திருந்தாலும் வாய் மட்டும் அடங்கவில்லை.

"இந்த அரசாங்கத்துல வரிசைல நிக்காம எனக்குக் கிடைச்சது இது ஒண்ணுதான் மர்செலா."

"வாயை மூடு, யாராவது கேட்டுறப்போறாங்க" என்றேன்.

"கேட்டா என்ன, மறுபடியும் சுடுவாங்களா? கால் ரொம்பக் குளிருது. நாளைக்கு வர்றப்ப அந்தக் கம்பளிச் சாக்ஸைக் கொண்டா."

செவ்வாய்க்கிழமை சாக்ஸும் சூப்பும் எடுத்துக்கொண்டு போனேன். அந்தக் கட்டிலில் வேறு யாரோ ஒரு கிழவர் படுத்திருந்தார். நர்ஸ் தரையைப் பார்த்தாள். வார்டு வாசலில் தோல் ஜாக்கெட் போட்ட ஒருவன் நாற்காலியில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தான்.

"அப்படி ஒரு ஆளு இங்க சேரவே இல்லையே" என்றான்.

"நேத்து நான் பேசிட்டுப் போனேனே!"

"கனவு கண்டிருப்பீங்க. உங்க வீட்டுக்காரர் யூகோஸ்லாவியா பக்கம் ஓடியிருப்பாரு. இப்ப நிறையப் பேரு ஓடுறானுங்க. போய் நிம்மதியா இருங்க, பெல்கிரேட்ல இருந்து போஸ்ட் கார்டு வரும்."

தொடையில் குண்டோடு, செருப்பு இல்லாமல், டிசம்பர் பனியில் எல்லை தாண்டி ஓடினாராம்! அந்த மூஞ்சியில் சூப்பை ஊற்றியிருக்க வேண்டும். ஆனால் எனக்குள் ஒரு ஆசை முளைத்தது. இல்லாத ஆளுக்கு எதற்கு நாற்காலி போட்டுக் காவல்? உயிரோடு எங்கேயோ கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். விசாரணைக்கு, ஜெயிலுக்கு, எங்கேயோ ஒரு இடத்துக்கு. அதைப் பிடித்துக்கொண்டுதான் அன்றைக்கு நான் நடமாடினேன்.

எங்கே என்று யாரிடம் கேட்பது? எனக்குத் தெரிந்த ஒரே கட்சிக்காரன் என் அண்ணன். வெளியூருக்கு ஃபோன் போகவில்லை. ரயில் யார்டுக்கு ஓடினேன். க்ரயோவா வண்டி ஓட்டுகிறவர் எங்கள் பக்கத்து ஆள். அவரிடம் வாய்மொழியாகச் சொல்லி அனுப்பினேன்: "லிவியுவைச் சுட்டுட்டாங்க. ஆஸ்பத்திரில இருந்தவரைக் காணோம். உனக்குத் தெரிஞ்ச பெரிய ஆளுங்களைப் பிடிச்சு எங்க வெச்சிருக்காங்கன்னு விசாரிச்சுச் சொல்லுண்ணே." அவரும் இரண்டு தடவை திருப்பிச் சொல்லி மனப்பாடம் பண்ணிக்கொண்டு போனார். எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. அண்ணன் கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க முடியாது அவர்களால் என்று நினைத்தேன்.

புதன்கிழமை ஊரே தெருவுக்கு வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஜன்னலை மூடிக்கொண்டு இருந்தவர்களெல்லாம் வந்தார்கள். ஏன் வந்தீர்கள் என்று கேட்டால் ஒவ்வொருவரிடமும் ஒரு பெயர் இருந்தது: தம்பி, பக்கத்து வீட்டுப் பெண், கூட வேலை பார்த்தவன். எங்களுக்குக் கீழ்வீட்டு இலோன்கா, ஹங்கேரியக்காரி, வாயைத் திறந்து சத்தமாகப் பேசியே நான் பார்த்ததில்லை. அவள் பால்கனிக்காரர்களைப் பார்த்து, "இறங்கி வாங்கடா, என்ன பொம்மலாட்டமா பார்க்கறீங்க" என்று கத்துகிறாள். சுட்ட ராணுவமே சாயங்காலம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு முகாமுக்குத் திரும்பியது.

வியாழன் காலையில் ஒரு சேதி வந்தது. ரயில்வேக்காரர்களின் ஃபோனில் வந்த சேதி. ஒல்டேனியாவிலிருந்து தொழிலாளிகளை ரயில் ரயிலாக ஏற்றி அனுப்புகிறார்களாம். கையில் தடியாம். ஹங்கேரிய ரௌடிகள் டிமிஷோவாராவைக் கொளுத்துகிறார்கள், போய் அடித்து ஊரைக் காப்பாற்றுங்கள் என்று சொல்லியிருக்கிறார்களாம். ராணுவம் கையை விரித்துவிட்டது, இனி ஜனத்தைவிட்டு ஜனத்தை அடிக்க வேண்டியதுதான் என்று மேலே எந்த மகாராசனுக்கோ தோன்றியிருக்கிறது.

"மர்செலா, உங்க ஆளுங்க வராங்களாமே" என்றாள் இலோன்கா.

"எங்க ஆளுங்களா? நான் இங்க வந்து இருபது வருஷம் ஆச்சு!"

"லீக்ஸ் வாசனை போகலையே இன்னும். நீ வந்து உங்க பாஷைல பேசு. நான் ரொட்டி கொண்டாரேன். என்னைத்தானே அடிக்க வரானுங்க, மூஞ்சியையாவது பார்த்து வெச்சுக்கறேன்."

போனேன். ஊரைக் காப்பாற்றப் போகவில்லை. அந்த ரயில் க்ரயோவாவிலிருந்து வருகிறது, அண்ணனிடமிருந்து ஏதாவது பதில் கொண்டுவரும் என்றுதான் போனேன். கண்ணாடியில் ஒரு தடவை பார்த்துக்கொண்டு லிவியுவுக்குப் பிடித்த சிவப்புத் தலைத்துணியைக் கட்டிக்கொண்டேன். எங்கே இருக்கிறார் என்று தெரிந்தால் நேரே அங்கே போகலாமே.

பிளாட்பாரம் முழுக்க எங்கள் ஜனம். வண்டி மெதுவாக வந்து நின்றது. கண்ணாடியெல்லாம் மூச்சுக்காற்றில் மூடிப்போய், உள்ளே தலைகள் மட்டும் தெரிந்தன. யாரும் இறங்கவில்லை. நான் முன்னால் போய், பிறந்த ஊர்ப் பேச்சில் கத்தினேன்.

"எலே, லீக்ஸ் தின்னிகளா! யாரை அடிக்கலே வந்திருக்கீக? இறங்கி வந்து பாருங்கலே, இங்க எவன் ஹங்கேரிய ரௌடின்னு! இந்தா, இவதான் ஹங்கேரியக்காரி, கையில ஆயுதம் வெச்சிருக்கா பாரு, நாலு ரொட்டி!"

சிரிப்புச் சத்தம் கேட்டது, எங்கள் பக்கமும் ரயில் பக்கமும். முதல் பெட்டிக் கதவு திறந்தது.

என் அண்ணன் இறங்கினான்.

எனக்குச் சந்தோஷம் பொங்கியது. நேரிலேயே வந்துவிட்டான், பார்! அப்புறம் தடியைப் பார்த்தேன். பட்டறையில் புதிதாக இழைத்த தடி, எல்லார் கையிலும் ஒரே அளவு. அடப்பாவி என்று வாய் வரைக்கும் வந்தது. அதற்குள் மற்றதைப் பார்த்தேன். அவன் பின்னால் இறங்கினவர்கள் எல்லாரும் காதுவரை தொப்பியை இழுத்துவிட்டிருந்தார்கள். அவன் மட்டும் வெறுந்தலை. அந்தக் குளிரில் வெறுந்தலை. கன்னத்தில் தாடி முளைத்திருந்தது. கோட்டுக் கையில் கறுப்புத் துணி.

எங்கள் பக்கத்தில் வீட்டில் சாவு விழுந்தால் ஆண்பிள்ளைகள் தொப்பி போடமாட்டார்கள், மழிக்கமாட்டார்கள். அப்பா செத்தபோது அவனை அப்படிப் பார்த்திருக்கிறேன். யார், யார் என்று மனசு ஓடியது. அவன் மனைவியா? பிள்ளையா? அவனும் என்னைப் பார்த்து நின்றுவிட்டான். என் முகத்தைப் பார்க்கவில்லை. தலைத்துணியைப் பார்த்தான்.

"மர்செலா" என்றான். "நீ ஏன் கறுப்பு கட்டலை?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாமல் இருந்த அந்தக் கொஞ்ச நேரம்தான் நான் கடைசியாகப் புருஷன் உள்ளவளாக இருந்தேன்.

"எதுக்குண்ணே கறுப்பு?"

"எதுக்கா? என்ன பேசற நீ? லிவியுவை... அடக்கம் பண்ணிட்டீங்களா அதுக்குள்ள? நான் வரட்டும்னு வெச்சிருக்க மாட்டீங்களா?"

இலோன்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த பிடியில் வலித்தது.

"செத்துட்டாருன்னு உனக்கு யார் சொன்னது?"

"டிரகோமிர் சொன்னாரு. எங்க கட்சிச் செயலாளர். நீ சொல்லி அனுப்பினதும் அவர்கிட்டத்தான் ஓடினேன். அன்னிக்கு ராத்திரியே இங்க ஃபோன் போட்டு விசாரிச்சாரு. சுட்டதெல்லாம் வதந்தி, ரௌடிங்க குத்திக் கொன்னுட்டானுங்கன்னு சொன்னாரு. உடம்பை மரியாதையா வெச்சிருக்காங்க, நீ நேர்ல போய்ப் பாருன்னாரு. என்னைக் கட்டிப் பிடிச்சு அழுதாரு மர்செலா! எவன் கொன்னானோ அவனை என் கையால..." என்று தடியைத் தூக்கினான். அப்புறம் சுற்றி நின்ற எங்கள் முகங்களைப் பார்த்தான். கிழவிகள், டிராம்காரர்கள், ரொட்டி வைத்திருந்த இலோன்கா.

"குத்தலைண்ணே. சுட்டாங்க. ராணுவம் சுட்டது. திங்கக்கிழமை நான் அவரோட பேசினேன். சாக்ஸ் கேட்டாரு. செவ்வாய்க்கிழமை ஆளைக் காணோம். கேட்டா யூகோஸ்லாவியாவுக்கு ஓடிட்டாருன்னு சொன்னாங்க."

"செவ்வாய்க்கிழமையா? செவ்வாய் ராத்திரிதான் எனக்குச் செத்துட்டான்னு சொன்னாங்க."

பெட்டியிலிருந்து இறங்கினவர்கள் எங்களைச் சுற்றி நின்றார்கள். பின்னால் நின்ற ஒரு பருமனான ஆள், "எலே ஸ்டெலியன், அப்ப அந்த ஆளை யாருலே கொன்னது?" என்று கேட்டான். அண்ணன் திரும்பி ரயிலில் ஏறினான். நானும் பின்னாலேயே ஏறினேன்.

டிரகோமிர் இரண்டாவது பெட்டியில் தனியாக ஒரு கூபேயில் இருந்தார். கம்பளி ஓவர்கோட், எதிர் இருக்கையில் சலாமி இறைச்சியும் ரொட்டியும். எங்களைப் பார்த்ததும் எழுந்து என் கையைப் பிடிக்க வந்தார். "தோழர், உங்க துக்கத்துல கட்சியும்..."

"என் வீட்டுக்காரர் எங்க?"

"அம்மா, உட்காருங்க..."

"எங்கய்யா?"

"எனக்கு எப்படித் தெரியும்? ஃபோன்ல கேட்டேன். அந்தப் பேர்ல இறந்தவங்க இருக்காங்கன்னு சொன்னாங்க."

"உடம்பு எங்க?"

"அதைக் கேக்காதேன்னுட்டாங்க. இனிமே உடம்புன்னு ஒண்ணும் இல்லைன்னு..." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அண்ணன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். "மரியாதையா வெச்சிருக்குன்னு சொன்னீங்களே தோழர்."

"உன் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு சொன்னேன்பா."

"ரௌடி குத்தினான்னு சொன்னீங்களே. அதுவும் என் மனசுக்கா?"

டிரகோமிருக்குக் கோபம் வந்துவிட்டது. பயத்தில் வருகிற கோபம். "நான் என்ன செய்யட்டும்? மேல இருந்து ஆள் கேக்கறான். நம்ம தொழிற்சாலைல ஒருத்தனும் கிளம்பமாட்டேங்கறான். கிறிஸ்துமஸ் வருது, பன்னி அறுக்கணும்கறான். நீ துக்கத்துல இருந்த. நீ போய்ச் சொன்னா எல்லாரும் ஏறுவாங்கன்னு எனக்குத் தெரியும். ஏறினாங்களா இல்லையா?"

அண்ணன் அவரை அடிப்பான் என்று நினைத்தேன். கையில்தான் தடி இருந்ததே. அடிக்கவில்லை. அந்தத் தடியை எதிர் இருக்கையில் சலாமிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு இறங்கினான். எங்கள் பின்னாலேயே ஏறிவந்து பெட்டியின் நடைபாதையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவர்களும் ஒவ்வொருவராக உள்ளே எட்டிப் பார்த்துத் தடியைப் போட்டார்கள். அந்த மனுஷன் ஜன்னலோரம் ஒடுங்கிக்கொண்டார். அவர் தலைக்கு மேலே குவிந்துவிடும்போல் இருந்தது.

வெளியே கொண்டாட்டம். "ஒல்டேனியாக்காரங்க நம்ம பக்கம்!" என்று பிளாட்பாரமே அதிர்ந்தது. கட்டிப்பிடிக்கிறார்கள், அழுகிறார்கள். இலோன்கா கொண்டுவந்த ரொட்டியைப் பிய்த்து வாயில் ஊட்டுகிறாள், தின்கிறவனும் அவள் தோளில் சாய்ந்து தேம்புகிறான். அண்ணன் என்னை நோக்கிக் கையை விரித்துக்கொண்டு வந்தான்.

நான் நகர்ந்துகொண்டேன்.

"ரயில்ல எல்லார்கிட்டயும் சொன்னியாண்ணே?"

அவன் கையைக் கீழே போட்டான். "சொன்னேன்."

"எல்லாப் பெட்டிலயுமா?"

"ஒவ்வொரு பெட்டியா போய்ச் சொன்னேன். என் தங்கச்சி விதவையாயிட்டான்னு சொல்லி அழுதேன். எல்லாரும் தொப்பியைக் கழட்டினாங்க மர்செலா."

ஒரு ரயில் நிறைய ஆண்பிள்ளைகள் என் வீட்டுக்காரருக்காகத் தொப்பியைக் கழற்றியிருக்கிறார்கள். அந்த நேரத்தில் நான் வீட்டில் அவர் சாக்ஸைத் துவைத்துக் காயப்போட்டுக்கொண்டு இருந்திருக்கிறேன். முன்பின் தெரியாதவனுக்கெல்லாம் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. "நான் அவரைத் தேடச் சொன்னேனே பாவி, தடியைத் தூக்கிட்டு வரவா சொன்னேன்!" என்று அவன் மார்பில் குத்தினேன். குத்தக் குத்த நின்றான்.

மறுநாள் மத்தியானம் தலைநகரத்தில், நாட்டை ஆண்ட அந்தாள் கூரை மேலிருந்து ஹெலிகாப்டர் ஏறி ஓடினான். எங்கள் மாடிப்படி முழுக்க ஆட்டம் பாட்டம். நானும் கத்தினேன், ஏன் பொய் சொல்ல வேண்டும். கத்திவிட்டு வந்து கறுப்புத் துணியைத் தேடினேன்.

லிவியுவின் உடம்பு கிடைக்கவே இல்லை. ராத்திரியோடு ராத்திரியாக ஏற்றிக்கொண்டு போய் எரித்துவிட்டார்கள் என்று பிறகு பேசிக்கொண்டார்கள். வருஷா வருஷம் டிசம்பரில் பள்ளிக்கூடத்திலிருந்து யாராவது வந்து என்னை மேடையேற்றுகிறார்கள். "அம்மா, சுட்டதனாலதானே அந்த அரசாங்கம் விழுந்தது. உங்க கணவர் உயிர் வீண் போகலை" என்கிறார்கள். விழுந்தது சரிதான். எங்களைச் சுட்டார்கள், சுட்டதை மறைக்கப் பொய் சொன்னார்கள், பொய்யை நம்பினவர்களைத் தங்கள் செலவிலேயே ரயிலேற்றிக் கொண்டுவந்து எங்கள் முன்னால் இறக்கிவிட்டார்கள். மிச்சம் இருந்த விசுவாசிகளையும் அவர்களே பறிகொடுத்தார்கள். ஆனால் வீண் போகவில்லை என்று மட்டும் என்னிடம் சொல்லாதீர்கள். அவருக்கு நாற்பத்திரண்டு வயது.

அண்ணன் இப்போதும் வருகிறான். கோதுமையை வேகவைத்துச் சர்க்கரை போட்டு, செத்தவர்களுக்குப் படைப்பதைத் தன் கையாலேயே செய்து கொண்டுவருவான். வைப்பதற்குக் கல்லறை இல்லை. சமையலறை மேஜையில் வைத்துவிட்டு எதிரெதிரே உட்கார்ந்திருப்போம். போன வருஷம்தான் கேட்டேன், இத்தனை காலம் கேட்காமல் வைத்திருந்ததை.

"ஒரு தடவைகூட உனக்குச் சந்தேகம் வரலையாண்ணே?"

கிண்ணத்தில் இருந்த கோதுமையைக் கரண்டியால் சமப்படுத்தினான்.

"நீ 'காணோம்'னு சொல்லி அனுப்பின. அவர் 'செத்துட்டான்'னு சொன்னாரு. கூடப்பிறந்தவ சொன்னதை விட்டுட்டு அவரைத்தான் நம்பினேன் மர்செலா."

செத்துட்டார் என்று அவன் நம்பினது தப்பும் இல்லையே. அந்த அரசாங்கம் எங்கள் குடும்பத்துக்குச் சொன்ன ஒரே உண்மை அதுதான்: லிவியு செத்துவிட்டார். அதையும் என்னிடம் சொல்லவில்லை. என்னை அடிக்க ஆள் சேர்ப்பதற்காக என் அண்ணனிடம் சொன்னது.